இருபதுக்கு எத்தனை?

கடைவீதிக்குப் போனால் நாலு பேராவது கேட்பார்கள், "வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?" என்று. டீக்கடைக்காரர் கேட்பார், பழைய ஆபீஸ் நண்பர்கள் கேட்பார்கள், பேருந்து நிலையம் பக்கம் பூ விற்கும் அக்கா கேட்பார். எல்லோருக்கும் நான் வைத்திருந்தது ஒரே பதில்தான்: "பரவாயில்ல." ஆறு வருடமாக அதையே சொல்லி வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு பிழை இருந்தது என்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு பார்க்கின்சன் நோய். நம்மூரில் நடுக்குவாதம் என்பார்கள். இது நடுக்கத்தில்தான் தொடங்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது மல்லிகைப்பூவில் தொடங்கியது.

உசிலம்பட்டியில் பூவுக்குப் பஞ்சமில்லை. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து விடிகாலையிலேயே மூட்டை மூட்டையாக வந்துவிடும். இவள் தினமும் உதிரிப்பூ வாங்கி, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தொடுப்பாள். ஒரு நாள் பூக்காரியிடம், "என்னடி பூ இது, வாசமே இல்ல. நேத்துப் பூவக் குடுத்து ஏமாத்துறியா?" என்று சண்டை பிடித்தாள். எனக்கோ தெருமுனை வரை வாசம் வந்தது. வயசாகிறது, சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த நோயில் நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே வாசனை தெரியாமல் போவதுண்டு என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

அடுத்தது கோலம். ஒரு மார்கழியில் வாசலைப் பார்த்தேன், கோலம் சிறுத்திருந்தது. முந்தைய வருடம் வாசலை அடைத்துப் போட்டவள், இப்போது ஒரு தட்டு அளவுக்குப் போட்டிருந்தாள். இடப்பக்கம் சரியாக ஆரம்பித்து, போகப் போக இழை நெருங்கி, வலப்பக்கம் முடியும்போது எறும்பு வரிசை மாதிரி இருந்தது. "என்ன, மாவு தீந்து போச்சா?" என்று கேலி செய்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுவும் நோயின் ஒரு அடையாளம்தான். அன்று அது எனக்குத் தெரியாது.

பிறகு வலது கை விரல்கள் பீடி சுற்றுவதுபோல் அசைய ஆரம்பித்தன. மதுரைக்குக் கூட்டிப்போனோம். நரம்பியல் மருத்துவர் ரத்தம் எடுக்கவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வரி எழுதச் சொன்னார். "இன்று வெள்ளிக்கிழமை" என்று எழுதினாள். "இன்று" என்பது பெரிதாக இருந்தது, "கிழமை" கண்ணுக்கே தெரியவில்லை. அந்தத் தாளை எடுத்துக் காட்டி, "இதான்" என்றார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊர்ப்பக்கம் வந்து, தமிழ்நாட்டு அரசு எழுத்தனாகி, இங்கேயே தங்கிவிட்டேன். பிரெஞ்சு பேச இங்கே ஆளில்லை. ஆனால் ஒரு விஷயம் மனசைக் குடைந்தால் முதலில் பிரெஞ்சில்தான் தேடிப் படிப்பேன், அது பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம். அப்படித் தேடியதில், இந்த நோய்க்குப் பெயர் வைத்ததே ஒரு பிரெஞ்சுக்காரர் என்று தெரிந்தது.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817ஆம் ஆண்டு ஒரு சிறிய நூல் எழுதினார். ஆறே ஆறு பேரைப் பற்றிய குறிப்புகள். அவர்களில் சிலர் தெருவில் போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள். அவர் பிறந்த ஏப்ரல் 11ஐத்தான் இன்று உலக பார்க்கின்சன் நாளாக வைத்திருக்கிறார்கள். அவர் அதை "நடுங்கும் வாதம்" என்றார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, பாரீஸில் சல்பெத்ரியேர் மருத்துவமனையிலிருந்த ழான் மர்த்தேன் ஷார்கோ, "எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, இது வாதமும் இல்லை" என்று சொல்லி, "பார்க்கின்சனின் நோய்" என்று பெயரிட்டார்.

ஷார்கோ பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ரயிலிலோ குதிரை வண்டியிலோ நீண்ட தூரம் போய்வந்தால் உடம்பு லேசாக இருக்கிறது என்று நோயாளிகள் சிலர் அவரிடம் சொன்னார்களாம். அவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. ரயில் பெட்டிபோல் குலுங்குகிற ஒரு நாற்காலியைச் செய்யவைத்து, அதில் அவர்களை உட்காரவைத்துப் பார்த்தார். 2012இல் அமெரிக்காவில் சிலர் அந்தச் சிகிச்சையை மறுபடி சோதித்தார்கள். குலுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் குலுங்காத நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் ஒரே அளவு முன்னேற்றம்தான் தெரிந்தது. ஆக, நாற்காலியில் சத்து இல்லை. ஆனால் நோயாளி சொன்னதை ஒரு பெரிய மருத்துவர் காது கொடுத்துக் கேட்டாரே, அது என் மனதில் நின்றது.

நான் கேட்டேனா? அதுதான் கதை.

நாற்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். கருவூலத்தில் வேலை. இவளுக்கு நோய் என்று தெரிந்ததும் முதலில் செய்த காரியம், ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டதுதான். தேதி, மாத்திரை கொடுத்த நேரம், நடுக்கம் எவ்வளவு, எத்தனை அடி நடந்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள். காலை 8, மதியம் 2, இரவு 8 என்று மூன்று வேளை மாத்திரை. ஒரு வேளை தவறியதில்லை. மருத்துவரிடம் போகும்போது நோட்டைக் கொண்டு போவேன். அவர் பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதறதில்ல" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மருத்துவரும் அளப்பார். அவர்களுக்கென்று ஒரு அளவுகோல் இருக்கிறது. விரல் தட்டுவது, கையை மூடித் திறப்பது, நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயின் கட்டத்தைச் சொல்வதற்கு 1967இலிருந்து ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலையில் உடம்பின் ஒரு பக்கம் மட்டும். ஐந்தாவதில் படுக்கை அல்லது சக்கர நாற்காலி. இவள் நடுவில் இருக்கிறாள்.

போன வருடம் மருத்துவமனையில் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். மேல்படிப்பு படிக்கிற பிள்ளை. ஆய்வுக்காக நோயாளிகளிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றாள். "இது கை நடுங்குதா, கால் நடுங்குதான்னு பாக்குறது இல்லங்கய்யா. அம்மாவோட வாழ்க்கை எப்படி இருக்குன்னு அம்மாவே சொல்றது" என்று விளக்கினாள்.

அந்தக் கேள்வித்தாள் 1990களில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. 39 கேள்விகள், எட்டுப் பிரிவுகள். நடமாட்டத்துக்குப் பத்து, அன்றாட வேலைக்கு ஆறு, மனநிலைக்கு ஆறு, வெளியில் தலைகாட்டக் கூச்சம் பற்றி நான்கு, மற்றவர்களின் ஆதரவுக்கு மூன்று, ஞாபகமும் கவனமும் பற்றி நான்கு, பேச்சுக்கு மூன்று, உடல் வலிக்கு மூன்று. கூட்டிப்பாருங்கள், சரியாக வரும். நான் கூட்டிப்பார்த்தேன். கடந்த ஒரு மாதத்தில் அந்தத் தொல்லை ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்போதும் என்றால் 4. ஒவ்வொரு பிரிவையும் நூற்றுக்குக் கணக்கிடுவார்கள். எண் கூடக்கூடக் கஷ்டம் அதிகம்.

அந்தப் பெண் முதல் கேள்வியைக் கேட்டாள். நான் பதில் சொன்னேன். இரண்டாவதுக்கும் நானே சொன்னேன். நோட்டைப் புரட்டி ஆதாரத்தோடு சொன்னேன். "எப்பவாவது", "அடிக்கடி", "எப்பவுமே" என்று மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதையும் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். இவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு மெதுவாக, "ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? அம்மாகிட்ட ஒரு தடவ கேட்டுக்கறேன்" என்றாள்.

"அவளுக்குப் பேச நேரமாகும்மா. குரலும் வெளிய வராது" என்றேன்.

"எனக்கு நேரம் இருக்குங்கய்யா" என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்தேன். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. என் நோட்டு என் மடியிலேயே இருந்தது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேள்வித்தாளில் ஒரு கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கணவரிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ வேண்டிய விதத்தில் ஆதரவு கிடைக்காமல் போனதுண்டா என்ற கேள்வி. அதற்கு நான் "ஒருபோதும் இல்லை, பூஜ்யம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. இவள் முகம் வழக்கம்போல் அசைவில்லாமல் இருந்தது. ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் இவளிடம், "சொல்லட்டுமாம்மா?" என்று அனுமதி கேட்டுவிட்டு, இரண்டு தாள்களையும் என்னிடம் காட்டினாள்.

எண்கள் எனக்குப் பழக்கம். ஒரு பார்வையில் புரிந்துவிட்டது.

நடமாட்டத்தில் நான் கொடுத்தது 40க்கு 31, அதாவது நூற்றுக்கு 77.5. அவள் கொடுத்தது 24, அதாவது 60. நான் நினைத்ததைவிட அவளுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. தலைகாட்டக் கூச்சம் என்ற பிரிவில் நான் 16க்கு 2 கொடுத்திருந்தேன். அவள் 10. பேச்சில் நான் 12க்கு 3. அவள் 9. நூற்றுக்கு 25 என்று நான் எழுதிய இடத்தில் 75.

பேச்சுப் பிரிவில் மூன்றே கேள்விதான். பேசுவதில் சிரமமா, மற்றவர்களோடு சரியாகத் தொடர்புகொள்ள முடியவில்லையா, மற்றவர்கள் உங்களைக் கண்டுகொள்ளாததுபோல் தோன்றியதா. கடைசிக் கேள்விக்கு அவள் 4 கொடுத்திருந்தாள். எப்போதும்.

"கூட இருக்கறவங்க மதிப்பிடறப்போ பொதுவா எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்வாங்க. நீங்க சில இடத்துல கூட்டியிருக்கீங்க, சில இடத்துல ரொம்பக் குறைச்சுட்டீங்க" என்றாள் அந்தப் பெண். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஆதரவு பற்றிய மூன்று கேள்விகள் இருந்த பகுதியை மட்டும் மடித்து வைத்திருந்தாள். நானும் கேட்கவில்லை.

அந்தத் தாள்களோடு இன்னொரு சின்னக் கேள்வித்தாளும் இருந்தது. திருப்தி பற்றியது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் செய்த அளவுகோலைப் பார்த்துத் தனக்காக எழுதிக்கொண்டது என்றாள். மொத்த வாழ்க்கை, உடம்பு, மனசு, உறவுகள், ஓய்வு நேரம், பணவசதி என்று ஆறு. ஏழாவதாகச் சிகிச்சை. சிகிச்சைக்கு நான் பத்துக்கு 9 போட்டிருந்தேன். மாத்திரை கிடைக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, மருத்துவர் நல்லவர், வேளை தவறுவதில்லை. வேறென்ன வேண்டும்? அவள் 5 கொடுத்திருந்தாள்.

அன்று போடி ரயிலில் திரும்பினோம். நம்ம ஊருக்கு ரயில் நின்றுபோய்ப் பல வருடம் கழித்து, அகலப் பாதையாகி 2022இல்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது. இவளுக்கு ரயில் பிடிக்கும். ஷார்கோவின் நாற்காலிக் கதையைச் சொல்லியிருக்கிறேன். "இதான் என் நாற்காலி" என்பாள். அன்று சன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தாள். செக்கானூரணி தாண்டியதும் நான் கேட்டேன்.

"மாத்திர சரியா வேல செய்யலையா?"

பதிலுக்குக் காத்திருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நானே இரண்டு மூன்று பதில்களை எடுத்துக்கொடுப்பேன். தூக்கம் வருதா? குமட்டுதா? மலச்சிக்கலா? என்று. அன்று வாயைக் கட்டிக்கொண்டேன். இரண்டு மின்கம்பம் தாண்டியது, மூன்று தாண்டியது.

"நல்லா வேல செய்யுது. எனக்கு வேண்டிய நேரத்துல செய்யல" என்றாள்.

பிறகு விட்டு விட்டுச் சொன்னாள். காலை மாத்திரைக்குப் பிறகு ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை கை நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் நான் அவளைக் குளிக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, டி.வி.க்கு முன்னால் உட்காரவைத்துவிடுகிறேன். ரெண்டு மணி மாத்திரையைச் சோறு, பருப்பு, முட்டையோடு கொடுக்கிறேன். அது பாதிதான் வேலை செய்கிறது. அஞ்சு மணிக்குக் கை மரத்துவிடுகிறது. அஞ்சு மணிக்குத்தான் பூக்காரி வருவாள். அஞ்சு மணிக்குத்தான் எதிர் வீட்டு மதினியும் பக்கத்து வீட்டுக்காரியும் திண்ணைக்கு வருவார்கள். அவர்கள் பூத்தொடுக்க, இவள் கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் நான் உள்ளிருந்து வந்து இவளுக்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். "அவளுக்கு முடியல, நான் சொல்றேன்." அவர்களும் என்னிடமே பேசிவிட்டுப் போகிறார்கள்.

"நான் அங்கன இருக்கேன்னே யாருக்கும் நெனப்பில்லங்க" என்றாள்.

என் நோட்டில் அஞ்சு மணிக்கு ஒரு கட்டமே இல்லை.

வீட்டுக்கு வந்து ராத்திரி படுத்தபோது தூக்கம் வரவில்லை. பழைய ஞாபகம் ஒன்று எழுந்து வந்தது. 1980களில், வேறொரு ஊர்க் கருவூலத்தில் இருந்தேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஓய்வூதியப் பட்டியலோடு வருவார். அவர் கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. மாதிரியில் நிமிர்ந்து நிற்கும் எழுத்து, பட்டியலில் குன்றிப்போய் இருக்கும். "கையெழுத்து வேறுபடுகிறது" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அதிகாரி ஒருவரிடம் சான்று வாங்கி வாருங்கள் என்றேன். "கை சுருங்கிப் போச்சு தம்பி" என்றார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், முணுமுணுப்பான குரலில் சொன்னார். மரியாதை தெரியாத ஆள், கெஞ்சிக்கூடக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விதிப்படிதான் செய்தேன். ஆனால் அந்தச் சிறுத்த எழுத்தும், அசையாத முகமும், தாழ்ந்த குரலும் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். நான் மருத்துவன் இல்லைதான். ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "என்ன செய்யுது ஐயா?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு விதி எதுவும் தடையில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இவளையே பேசவிட்டேன். நேரம் எடுத்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மருத்துவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இத முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே மாத்தியிருப்பனேம்மா" என்றார்.

அவர் விளக்கியது இது. லெவோடோபா என்ற மருந்தின் வேலை சில மணி நேரம்தான் நிற்கும். நோய் வளர வளர அந்த நேரம் இன்னும் குறுகும். தவிர, பருப்பு, முட்டை, பால் போன்ற புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால், குடலிலும் மூளைக்குள் போகிற வழியிலும் புரதத்துக்கும் மருந்துக்கும் போட்டி. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்பே மாத்திரை. மூன்று வேளையை நான்காகப் பிரித்து, ஒன்று நாலு மணி வாக்கில் வரும்படி மாற்றி எழுதிக் கொடுத்தார். படிக்கிறவர்கள் யாரும் இதைப் பார்த்துத் தாங்களாக மாத்திரை நேரத்தை மாற்றிவிடாதீர்கள். இது இவளுக்கு, இவளுடைய மருத்துவர் எழுதியது. உங்கள் மருத்துவரிடம் உங்கள் அஞ்சு மணி எது என்று சொல்லுங்கள், அது போதும்.

இந்த லெவோடோபாவுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு உறவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் பட்டால் அரிப்பெடுக்குமே, பூனைக்காலிக் காய், அதன் விதையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அப்போது அது எந்த நோய்க்கு மருந்து என்று யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமின் குறைவதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்து, 1967இல்தான் கோட்சியாஸ் என்பவர் அமெரிக்காவில் டோபாவை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்து நோயாளிகளை எழுப்பி நடக்கவைத்தார். முப்பது வருடம் ஒரு மருந்து தன் நோயாளியைத் தெரியாமல் புட்டிக்குள் இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக்கடையில் பூனைக்காலி விதை வாங்கி அரைக்காதீர்கள். அளவு தெரியாமல் சாப்பிட்டால் ஆபத்து.

இப்போது எங்கள் வீட்டில் சில விதிகள். இவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் நான் மனசுக்குள் பத்து எண்ணுவேன். பிரெஞ்சில் எண்ணுவேன், அது எனக்குக் கொஞ்சம் மெதுவாக வரும். பத்துக்குள் பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். சென்னையிலிருந்து பேத்தி கூப்பிட்டால், "அப்பத்தாகிட்ட குடுங்க தாத்தா" என்கிறாள். முன்பெல்லாம் அப்படிக் கேட்கமாட்டாள். நாலு மணி மாத்திரைக்குப் பிறகு திண்ணை. முழம் அளந்து தொடுக்க முடிவதில்லை, கட்டு கொஞ்சம் தளர்வாகத்தான் வரும். ஆனால் கையை ஒளிப்பதில்லை. எதிர் வீட்டு மதினியிடம் அவளே சொல்லிவிட்டாள், "எனக்கு இன்ன நோய், கை ஆடத்தான் செய்யும், நீ பாட்டுக்குப் பேசு" என்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்த நோய் பின்னால் போவதில்லை. போன மாதம் வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றுவிட்டாள். மதியம் சில நாள் முன்பைவிட மோசம். மருத்துவரின் அளவுகோலில் எண் குறையவில்லை. வருடத்துக்கு ஒரு முறை எனக்கு ஓய்வூதியர் நேர்காணல் வரும். இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பதிவு. அரசாங்கத்துக்கு அது போதும், நானும் ஆயிரக்கணக்கில் அப்படிப் பதிந்திருக்கிறேன். வீட்டுக்கு அது போதாது என்பதைத்தான் எழுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

நீள நோட்டு இன்னும் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் எல்லாம் இருபதுக்குத்தான். 12 வாங்கினால் பரவாயில்லை, 14 என்றால் நன்று, 16 என்றால் மிக நன்று. இருபதுக்கு இருபது வாங்கிய ஒருவனை நான் பார்த்ததில்லை. "இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு" என்பார்கள். தினமும் ராத்திரி விளக்கை அணைக்கும்முன் இவளிடம் கேட்பேன், "இன்னிக்கு இருபதுக்கு எத்தன?" அவள் சொல்வதை அப்படியே எழுதுவேன். ஏன் என்று கேட்பதில்லை, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். என் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்த நாளில் 14 வந்திருக்கிறது. நன்றாக நடந்த நாளில் 6 வந்திருக்கிறது. அன்று மகன் போன் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், தரையில் கோடு இருந்தால் கால் ஒட்டாது, தாளில் கோடு இருந்தால் எழுத்து சிறுக்காது என்றாள். வாசற்படிக்கு முன்னால் சிவப்பு நாடா ஒட்டினேன். அப்போதுதான் தோன்றியது, கோலத்துக்குப் புள்ளி இருக்கிறதே! இந்த மார்கழியில் நான் எழுந்து வாசல் தெளித்து, என் பழைய ஆபீஸ் ஸ்கேலை வைத்து, ஒரு சாண் இடைவெளியில் புள்ளி வைத்தேன். ஏழு புள்ளி, ஏழு வரிசை. அவள் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, இழையை இழுத்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. இழை அங்கங்கே நடுங்கியிருந்தது. ஆனால் இடப்பக்கம் எவ்வளவு பெரிதோ, வலப்பக்கமும் அவ்வளவு பெரிது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன். பத்து எண்ணினேன். பிரெஞ்சில் ஒன்பது வரும்போது பதில் வந்தது.

"எனக்குப் பதினேழு. புள்ளி வச்ச ஆளுக்குப் பதினொன்னு. மூணாவது வரிசை கோணல்."

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.